வாலாட்டும் படகு: காசை எதில் போடுவது?

ஹூஸ்டனிலிருந்து விக்டோரியா போகும் 59ஆம் நெடுஞ்சாலையில், வார்ட்டன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் படகு முதன்முறையாக வாலாட்டியது. பின்னால் ட்ரெய்லரில் இருந்தது 21 அடி ஃபைபர் படகு, 150 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினோடு. இழுத்தது 5,000 பவுண்டு வரை இழுக்கலாம் என்று மேனுவலில் போட்டிருக்கும் நடுத்தர எஸ்யூவி. வேகம் 72 மைல். இடப்பக்கமாகப் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று ஏறி வந்தது. அதன் மூக்கு படகுக்கு நேராக வந்தபோது படகு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது. லாரி கடந்ததும் உள்பக்கம் இழுபட்டது. அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அடுத்த ஆட்டம் இன்னும் அகலம், அதற்கடுத்தது அதைவிட அகலம்.

"என்னங்க, பின்னாடி யாரோ பிடிச்சு ஆட்டுற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன். புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன், பயத்தில் கால் தானாக வந்துவிட்டது. 55க்கு இறங்கியதும் படகு சாதுவாகிவிட்டது.

மறுவாரம் விசாரித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உராய்வுக் கம்பி போடு என்றார் ஒருவர். ஸ்பிரிங் கம்பி வைத்த பெரிய ஹிட்ச் (ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் அமைப்பு) வாங்கு என்றார் இன்னொருவர். பிரேக்கை மாற்று, டயரை மாற்று, கடைசியில் வண்டியையே மாற்றிவிட்டு பிக்கப் வாங்கு. நூறு டாலரில் தொடங்கி அறுபதாயிரம் டாலர் வரை போகிற பட்டியல். எல்லாவற்றையும் விலையை ஒட்டிப் பார்க்காமல், படகுக்கு எது பொருந்தும் என்று பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். இந்த வைத்தியங்களில் பெரும்பாலானவை வீட்டு ட்ரெய்லருக்காக, அதாவது கேம்பருக்காக வந்தவை. படகின் உடல்வாகு வேறு.

முதலில் ஆட்டம் ஏன் வருகிறது என்று பார்க்கலாம். ஊரில் மாட்டுவண்டியில் போனவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் ஏறிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து "கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்கப்பா" என்பார். ட்ரெய்லரின் மூக்கு வண்டியின் ஹிட்ச் பந்தை அழுத்தும் எடையை இங்கே டங் வெயிட் என்கிறார்கள். நமக்கு முன்பாரம் என்றாலே போதும். மாட்டுவண்டி மெதுவாகப் போவதால் பின்பாரம் மாட்டுக்குச் சிரமம் தருவதோடு சரி. 70 மைல் வேகத்தில் அதே பின்பாரம் ட்ரெய்லரை ஊசலாக்கிவிடும்.

காற்றோ லாரியோ ட்ரெய்லரை ஒருமுறை தட்டினால், அதன் டயர்கள் அதைத் திரும்பவும் நேர்ப்படுத்தப் பார்க்கும். குறைந்த வேகத்தில் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடச் சிறியதாகி அடங்கிவிடும். வேகம் ஏற ஏற அடங்குவதற்கு நேரமாகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்கவே அடங்காது, வளரும். 60 மைலில் சமர்த்தாக வந்த அதே ட்ரெய்லர் 70இல் பேயாட்டம் போடுவதன் காரணம் இதுதான். அந்த எல்லை எந்த வேகத்தில் வரும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான்.

படகில் பாரம் எங்கே? பின்னால். என் எஞ்சின் மட்டும் சுமார் 480 பவுண்டு, அதுவும் படகின் கடைக்கோடியில் தொங்குகிறது. மீனை உயிரோடு வைக்கும் தொட்டியும் பின்பக்கம்தான். அதில் 25 கேலன் தண்ணீர் நின்றால் இன்னும் 200 பவுண்டு சேர்ந்துகொள்ளும். கேம்பரில் சமையலறை, கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அச்சுக்கு முன்னும் பின்னும் பரவி இருக்கும், படகில் அப்படி இல்லை. அதனால் எந்தக் கம்பியும் வாங்குவதற்கு முன் முன்பாரத்தை அளக்க வேண்டும்.

அளக்கக் கடைக்குப் போக வேண்டாம். குளியலறை எடைக்கருவி, ஒரு பலகை, ஒரு செங்கல், இரண்டு குழாய்த் துண்டுகள் போதும். செங்கல்லை ஒரு முனையிலும் எடைக்கருவியை மறு முனையிலும் வைத்து மேலே பலகை. பலகைக்கும் இரண்டு தாங்கிகளுக்கும் நடுவே குழாய்த் துண்டு, தாங்கும் இடம் துல்லியமாகத் தெரிவதற்காக. இரண்டுக்கும் இடையே மூன்று அடி. செங்கல்லிலிருந்து ஒரு அடியில், எடைக்கருவியிலிருந்து இரண்டு அடியில், ட்ரெய்லரின் மூக்கை இறக்க வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும், மூக்கு ஓடும்போது இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க மறக்கக்கூடாது. கருவி காட்டுவதில், வெறும் பலகைக்கு அது காட்டியதைக் கழித்து மூன்றால் பெருக்கினால் முன்பாரம். எனக்கு 70 காட்டியது. அதாவது 210 பவுண்டு.

மொத்த எடைக்கு லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) என்ற நிறுவனத்தின் எடைமேடைக்குப் போனேன். (வார்ட்டனில் உள்ள பக்கீஸ் பெட்ரோல் நிலையத்தில் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பெட்ரோல் பம்பு அத்தனை இருந்தும் அங்கே பதினெட்டுச் சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை.) படகு, எஞ்சின், பெட்ரோல், ட்ரெய்லர், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து 4,200 பவுண்டு, சுமார் 1,900 கிலோ. 210 என்பது அதில் 5 சதவீதம்தான். இங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு 10 முதல் 15 சதவீதம். படகு ட்ரெய்லர் செய்பவர்களில் சிலர் 5 முதல் 10 போதும் என்பார்கள். ஐரோப்பாவில் இன்னும் குறைவாக வைத்துக்கொண்டே இழுக்கிறார்கள். ஆனால் ஜெர்மனியில் கார் ட்ரெய்லரோடு போனால் 80 கிலோமீட்டர்தான், தனிச் சான்று வாங்கினால் 100. டெக்சாஸில் ஊரைத் தாண்டினால் பலகையில் 75 மைல் என்று நிற்கிறது, கிலோமீட்டரில் 120. அந்த வேகத்தில் 5 சதவீதத்தோடு போவது நானே தேடிக்கொண்ட வினை.

பிறகு ட்ரெய்லரின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். படகைத் தாங்கும் கம்பளம் ஒட்டிய பலகைகளுக்கு வெளியே படகின் பின்சுவர் பத்து அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினைத் தாங்க வேண்டிய இடத்தில் கீழே ஒன்றுமில்லை, காற்றுதான். படகையும் ட்ரெய்லரையும் சேர்த்து விற்ற கடையில் யாரோ வின்ச் கம்பத்தை, அதாவது படகின் மூக்கை இழுத்துக் கட்டும் கம்பத்தை, ஏதோ ஒரு இடத்தில் வைத்து இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். நானும் இரண்டு வருடம் அதைக் கவனிக்காமல் இழுத்திருக்கிறேன். அதனால் கடையை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை.

செய்தது இவ்வளவுதான். வின்ச் கம்பத்தைப் பிடித்திருக்கும் யு போல்ட்டுகளைத் தளர்த்திப் பத்து அங்குலம் முன்னால் நகர்த்தினேன், இறுக்கினேன். அப்புறம் ரேம்பில், அதாவது படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவில், படகை மிதக்கவிட்டு, புதிய இடம் வரை வின்ச் போட்டு இழுத்தேன். ட்ரெய்லர் அச்சிலிருந்து ஹிட்ச் வரை சுமார் 16 அடி. 3,300 பவுண்டு படகு பத்து அங்குலம் முன்னே வந்தால் முன்பாரம் 170 பவுண்டு கூடும். கடைசி இருக்கைக்குப் பின்னால் இருந்த ஐஸ் பெட்டி அச்சுக்குச் சற்று முன்னால் வந்தது. மறுபடி அளந்தால் கருவி 135 காட்டியது. 405 பவுண்டு, ஏறக்குறைய 10 சதவீதம். செலவு, துருப்பிடித்த இரண்டு போல்ட்டுக்குப் பதில் புது கால்வனைஸ் போல்ட்.

இங்கே ஒரு குறுக்குவழி எல்லோருக்கும் தோன்றும். நங்கூரம், பேட்டரி, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் படகின் மூக்கில் திணித்துவிட்டால் முன்பாரம் வந்துவிடாதா? வரும். ஆனால் காவடித்தடியின் இரண்டு முனையிலும் குடம் தொங்கினால் அதைச் சுழலவிட்டு நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். பின்னால் எஞ்சின், முன்னால் பேட்டரி என்று இரு கோடியிலும் எடை இருந்தால், தராசு சரியாக நின்றாலும், ஆட ஆரம்பித்த படகை அடக்குவது சிரமம். அதனால் முழுப் படகையும் முன்னால் நகர்த்துவது நல்லது. கம்பத்துக்கு இடமில்லாத ட்ரெய்லரில் அச்சைப் பின்னால் தள்ளலாம், பல படகு ட்ரெய்லர்களில் அதுவும் யு போல்ட்டில்தான் நிற்கிறது. ஆனால் அது பட்டறை வேலை. கோணல்மாணலாக நின்றால் டயர் ஒரே மாதத்தில் தேய்ந்துவிடும்.

முன்பாரம் கூடுவது நல்லது என்று எல்லையில்லாமல் ஏற்றவும் முடியாது. என் வண்டியின் ஹிட்ச் தாங்குவது 500 பவுண்டு. அதற்கு மேல் போனால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் இலேசாகிவிடும், ஸ்டியரிங் கையில் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

சரி, இதைச் செய்துவிட்டோம். இதற்கு மேல் எதற்குக் காசு போடலாம்?

உராய்வுக் கம்பி மலிவு. நூறு டாலர் அளவில் கிடைக்கும். ஹிட்சுக்கும் ட்ரெய்லரின் மூக்குச் சட்டத்துக்கும் நடுவே சாய்வாக, ஒன்றுக்குள் ஒன்று நழுவும் ஒரு கம்பி, உள்ளே பிரேக் பட்டை மாதிரி ஒன்று. கைப்பிடியைத் திருகினால் இறுகும், ஆட்டத்தை உராய்வால் மட்டுப்படுத்தும். கேம்பருக்குச் சரி. படகு ட்ரெய்லரில் பெரும்பாலும் சர்ஜ் பிரேக்தான் இருக்கும். நாம் வண்டியை நிறுத்தும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலில் மூக்குப் பகுதி உள்ளே நழுவி ட்ரெய்லர் பிரேக்கை அழுத்தும். அந்த நழுவலையே உராய்வுக் கம்பி பிடித்துக்கொண்டால் பிரேக் எப்படி வேலை செய்யும்? அதனால் சர்ஜ் பிரேக்கோடு இதைப் போடக்கூடாது. அதோடு, பின்னால் திருப்பி ஓட்டும் முன் கழற்ற வேண்டும். ரேம்பில் நாம் செய்வது அது ஒன்றுதானே! உப்புத் தண்ணீரும் அந்தப் பட்டைக்கு நண்பனல்ல. படகுக்காரர்கள் இதை மறந்துவிடலாம் என்பது என் முடிவு.

பாரத்தைப் பகிரும் ஹிட்ச் அடுத்த படி. இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் நெம்புகோல் மாதிரி வேலை செய்து, பின்சக்கரத்தில் விழும் எடையில் ஒரு பகுதியை வண்டியின் முன்சக்கரத்துக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் அனுப்பும். முன்சக்கரம் தரையை நன்றாகப் பிடிக்கும், வண்டி தலை நிமிர்த்தாது. இதை ஆட்டத்துக்கு மருந்து என்று விற்கிறார்கள், அது பாதிதான் உண்மை. எடையைப் பகிர்வது வேறு, ஆட்டத்தைத் தடுப்பது வேறு. ஈக்வலைசர் மாதிரி சில தயாரிப்புகளில் கம்பியின் உரசலே ஆட்டத்தையும் தடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அவற்றுக்குப் பல நூறு டாலர் ஆகும். படகில் வரும் சிக்கல்கள்: ட்ரெய்லரின் மூக்கு ஒற்றைக் குழாயாக இருந்தால் தாங்கி பொருத்த இடமிருக்காது, சர்ஜ் பிரேக்குக்கு ஒத்துவரும் வகைதானா என்று தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்க்க வேண்டும், செங்குத்தான ரேம்பில் கம்பியை அவிழ்க்க வேண்டியிருக்கும். சில எஸ்யூவி மேனுவல்கள் இதைப் போடவே கூடாது என்கின்றன. சில, இவ்வளவு எடைக்கு மேல் கட்டாயம் என்கின்றன. உங்கள் மேனுவல் கட்டாயம் என்றால் வாங்குங்கள். 400 பவுண்டு முன்பாரத்தில் என் வண்டி அதிகம் அமுங்கவில்லை, நான் வாங்கவில்லை.

வண்டியிலேயே வரும் ஆட்டத் தடுப்பு மின்னணு அமைப்பைப் பற்றிப் பலருக்கு ஒரு குருட்டு நம்பிக்கை உண்டு. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாடு கட்டாயம். அதே உணரிகளை வைத்து ட்ரெய்லரின் ஆட்டத்தையும் அறிந்து, சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் போட்டு, எஞ்சினை அடக்கும் மென்பொருள் பல இழுவை வண்டிகளில் இருக்கிறது. அது எல்லா வண்டியிலும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், கட்டாயமான பகுதி முதலாவது மட்டும்தான். இருந்தால் நல்லது, அணைத்து வைக்காதீர்கள். ஆனால் அது ஆட்டம் ஆரம்பித்த பிறகு விழித்துக்கொள்ளும் காவல்காரன். தவறான பாரத்தோடு 75 போவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை.

நான் காசு போடச் சொல்வது பிரேக்கில். டெக்சாஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால்தான் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். அதனால் இந்த அளவுப் படகுகள் பல பிரேக்கே இல்லாமல் விற்கப்படுகின்றன. பிரேக் இருந்தாலும் சர்ஜ்தான். சர்ஜ் பிரேக்கில் ஒரு குறை: ட்ரெய்லரை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்த ஓட்டுநருக்கு வழியில்லை. ஆட்டம் வரும்போது செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியமே அதுதான். வண்டியின் பிரேக்கைத் தொடாமல் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் போட்டால், ட்ரெய்லர் பின்னுக்கு இழுத்து நேராகிவிடும், கயிற்றை இழுத்துப் பிடித்த மாதிரி. அதற்கு மின்சாரக் கட்டளையில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வேண்டும். ட்ரெய்லரின் மூக்கில், தண்ணீர் எட்டாத உயரத்தில், பம்பு உள்ள ஒரு பெட்டி. வண்டிக்குள் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, அதில் கட்டைவிரலால் தள்ளும் நெம்பு. சாதாரண மின்சார டிரம் பிரேக்கை நினைக்க வேண்டாம், தண்ணீரில் முங்கினால் அது சீக்கிரம் பாழாகும். ஹைட்ராலிக் டிஸ்க் தாங்கும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவினால். பெட்டியும் கருவியும் மாட்டும் கூலியும் சேர்ந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும். உபரியாக ஒரு சுகம்: சர்ஜ் பிரேக்கோடு மேட்டில் பின்னால் போகும்போது பிரேக் பிடித்துக்கொள்ளும் தொல்லை இதில் இல்லை.

டயர் விஷயம் சின்னது, ஆனால் விட்டுவிடக்கூடாது. ட்ரெய்லருக்கு எஸ்டி என்று எழுத்துப் பொறித்த டயர்தான் போட வேண்டும், அதன் பக்கச்சுவர் விறைப்பானது. காற்று டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு. பழைய எஸ்டி டயர்கள் பல 65 மைலுக்கு மேல் போக உத்தரவாதமில்லாதவை. புதியவற்றில் எல் என்ற எழுத்து இருந்தால் 75, எம் இருந்தால் 81. ஹிட்ச் உயரமும் இதோடு சேர்த்தி: ட்ரெய்லர் மட்டமாக, அல்லது மூக்கு கொஞ்சம் தாழ்ந்து இருக்க வேண்டும், வானத்தைப் பார்க்கக்கூடாது.

பிக்கப் வாங்கச் சொன்ன நண்பர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீண்ட சக்கர இடைவெளியும், பின்அச்சுக்கும் ஹிட்ச் பந்துக்கும் இடையே குறைந்த தூரமும் உள்ள கனமான வண்டி, ட்ரெய்லர் தள்ளினாலும் அசராது. ஏற்கெனவே வண்டி மாற்றும் யோசனை இருந்தால் இதை மனதில் வைக்கலாம். ஆட்டத்துக்காக மட்டும் மாற்றுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. அதைவிட, இன்னும் ட்ரெய்லர் வாங்காதவர்கள் இரட்டை அச்சு ட்ரெய்லரைக் கேட்டுப் பார்க்கட்டும். நான்கு டயர் தரையைப் பிடித்திருப்பதால் வாலாட்டுவது குறைவு. டயர், பேரிங், பிரேக் எல்லாம் இரண்டு மடங்கு பராமரிப்பு என்பது அதற்கான விலை.

ஆக, என் வரிசை இப்படி. முதலில் அளந்து பாரத்தைச் சரிசெய்வது, டயரும் காற்றும். பிறகு பிரேக். மேனுவல் கேட்டால் மட்டும் பாரம் பகிரும் ஹிட்ச். வேகம் 65க்கு மேல் வேண்டாம். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் 55 என்று சட்டமே இருக்கிறது, எரிச்சலாக இருந்தாலும் காரணம் புரிகிறது.

நகர்த்திய பிறகு அதே 59இல் 64 மைலில் போனேன். லாரி கடந்தது. படகு ஒருமுறை தள்ளி, திரும்பி, நின்றது. ராக்போர்ட் போகும் வழியில் கோப்பானோ வளைகுடாப் பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அடித்தபோதும் அவ்வளவுதான்.

இப்போது படகைத் தாங்கும் பலகையில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், படகின் பின்சுவர் அங்கே வந்து நிற்க வேண்டும். போன மாதம் ஃபுல்டனில் மாலை இருட்டும் நேரத்தில் ஏற்றியபோது கோட்டுக்கு மூன்று அங்குலம் வெளியே நின்றது. மூன்று அங்குலம் என்றால் முன்பாரத்தில் ஐம்பது பவுண்டு போச்சு. மீன் தொட்டியின் அடைப்பையும் திறக்கவில்லை. தொட்டியைக் காலி செய்து, மறுபடி தண்ணீரில் இறக்கி, வின்ச்சைக் கடைசிப் பல் வரை சுற்றினேன். பின்னால் ரேம்புக்குக் காத்திருந்தவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.